நடுக் காணிக்காரன்

1

“அப்பா, எங்கட காணிக்குள்ள புலி ஈக்கி!”

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றே முக்கால் மணி. மெல்பேர்ன் நகரத்தின் வடக்கு ஓரத்தில் என் வீட்டு முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் மயூரி வெறுங்காலோடு ஓடிவந்து மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். நிறுத்தினேன். கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

படத்தில் ஓடை. ஓடைக்குள் ஒரு கல். கல்லின்மேல் சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியோடு, தடித்த கழுத்துள்ள ஒரு பெரிய பூனை. ஒரு முன்னங்காலைத் தண்ணீருக்குள் விட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. படத்தின் மூலையில் நேரம் காலை 6.02 என்று இருந்தது. எங்கள் காணி இருக்கும், கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடையில் அப்போதுதான் விடிந்திருக்கும். எடுத்து அரை மணி நேரம்கூட ஆகாத படம்.

புலி இல்லை. மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். ஊரில் கோழி காணாமற் போனால் இதன் தலையில்தான் பழி விழும். இருட்டில் கண்டவர்கள் புலிக்குட்டி என்று கதை கட்டிவிடுவார்கள். அதற்குக் கிட்ட, கட்டுகஸ்தோட்டையில் வளர்ந்த எனக்கு அந்தக் கதைகள் எல்லாம் தெரியும். ஆனால் ஒருநாளும் அந்தப் பூனையைக் கண்டதில்லை. கண்டது இந்த ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் ஒரு கைத்தொலைபேசித் திரையில், என் சொந்தக் காணியில்!

துள்ளினேன் என்று சொன்னால் நம்புங்கள். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, புல் மெஷினைச் சுற்றி ஒரு துள்ளல். மனைவி யன்னலால் எட்டிப் பார்த்து, “உங்களுக்கு என்ன, குளவி குத்திப்போட்டுதோ?” என்று கேட்டாள்.

அடுத்த நிமிடம்தான் நினைவு வந்தது. வியாழக்கிழமை அதே ஓடைக் கரையை வழிக்கச் சொல்லி மண் வாரும் ஒரு பெக்கோ இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தேன். அது மகளுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

2

‘இருக்கு’ என்பதற்கு மகள் சொன்ன அந்த “ஈக்கி”யைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மயூரிக்குப் பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது அவளுக்கு ஆறிலேயே தொடங்கிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஒருநாள், “போதும்” என்று தமிழில் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அந்த ஒரு சொல்லையாவது தமிழில் சொன்னாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். காட்டு விலங்குகளுக்குத் தங்கள் காணியில் இடம்விடும் இரண்டு பேரைப் பேட்டி காண வேண்டும். முதலாவது ஆள் எங்கள் பக்கத்து வளவுக்காரர், பீற்றர். அவருடைய வளவு ஒரு சிறு நீரோடை வரைக்கும் போகிறது. ஓடைக் கரையில் ஒரு துண்டை அப்படியே பற்றையாக விட்டிருக்கிறார். வாசல் படலையில் ‘இந்தக் காணியில் விலங்குகளுக்கு இடமுண்டு’ என்று ஒரு சின்னப் பலகை. இத்தனை வருடமும் நான் நினைத்தது, மனிசனுக்கு வெட்டப் பஞ்சி, அந்தச் சோம்பலுக்கு ஒரு பலகையும் அடித்துவைத்திருக்கிறது என்றுதான். எனக்கோ காட்டு நெருப்புக் காலம் தொடங்குமுன் புல்லை வெட்டு என்று கவுன்சிலில் இருந்து கடிதம் வருமுன்னமே வெட்டி முடித்தால்தான் நித்திரை வரும்.

“ரெண்டாவது ஆள் நீங்கதான் அப்பா. உங்களுக்கு ஊரில காணி இருக்குத்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஓம். ஒவ்வொரு வருசமும் ஒரு புல்லுமில்லாமல் துப்பரவாக்கி வைச்சிருக்கிறன்,” என்றேன் பெருமையாக.

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பாரூக் நானாவின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பாரூக் நானா எங்கள் மேல் காணிக்காரர்; நானா என்றால் அங்கே அண்ணன். மிளகும் சாதிக்காயும் வைத்திருப்பவர். இருபது வருடமாக எங்கள் காணியையும் பார்த்துக்கொள்பவர். அவருக்கு ஆங்கிலம் வராது, மயூரிக்குத் தமிழ் வராது. ஆனால் இருவரும் குரல் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். அவர் ஒன்று அனுப்ப, இவள் மூன்று தரம் கேட்டு, என்னிடம் இரண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு, பதில் அனுப்புவாள். செயல்திட்டம் முடிந்து புள்ளியும் வந்துவிட்டது. குரல் செய்தி மட்டும் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் என் மகள் தமிழ் பேசத் தொடங்கினாள். யாழ்ப்பாணத் தமிழ் இல்லை, அசல் அலவத்துகொடை முஸ்லிம்களின் தமிழ். யாழ்ப்பாணத்தில் பிறந்த என் மனைவியிடம், “உம்மா... சொறி, அம்மா, சோறு ஈக்கா?” என்று கேட்டாள். மனைவி சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

3

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

அப்பா கண்டிக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அலவத்துகொடையில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். மேலே மலையடிக் காடு. அங்கிருந்து ஒரு சின்ன ஓடை இறங்கி, எங்கள் காணியை ஊடறுத்து, கீழே வயல்களைத் தாண்டிப் பிங்கா ஓயா ஆற்றில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் பஸ் ஏறிப் போய் முதலில் செய்வது துப்பரவு. பற்றையை வெட்டு, சருகைக் கூட்டு, கொளுத்து. வெறும் மண் தெரிந்தால்தான் அப்பாவுக்கு மனம் ஆறும். பற்றை நின்றால் சொந்தக்காரன் இல்லாத காணி என்று நினைத்துவிடுவார்கள் என்பார்.

எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறினது. காணி என்றால் இரண்டு விசயம்: துப்பரவு, வேலி. எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த இரண்டையும் கொண்டுதான் போவோம். ஊரிலுள்ள காணியைப் பத்து வருடத்துக்கு ஒருதரம்தான் போய்ப் பார்ப்போம். ஆனால் வருடா வருடம் ஆள் பிடித்து வெட்டுவித்து, வெட்டின படத்தை வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிப் பார்த்து ஆறுதல் அடைவோம். ஓடைக் கரைக்குக் களைக்கொல்லி அடிக்கச் சொன்னவனும் நான்தான். அதில் என்ன நின்றது, என்ன படுத்தது, என்ன குடித்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இந்த ஆவணியில் பாரூக் நானா மேல் பாதியின் படத்தை மட்டும் அனுப்பினார். கீழ்ப் பாதி எங்கே என்று கேட்டேன். “பொறகு பாப்போம் தம்பி, அது ஒரு கத ஈக்கி,” என்றார். அடுத்த மாதமும் அதே பதில். கண்டிக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் வேறு, “உன்ர காணி கீழ்ப்பக்கம் காடாய்க் கிடக்கு. ஆரோ நடந்து திரியிற பாதையும் கிடக்கு,” என்று கொளுத்திவிட்டார்.

எனக்குள் இருந்த வேலிக்காரன் எழும்பிவிட்டான். இருபது வருடப் பழக்கத்தை ஒரு பின்னேரத்தில் மறந்தேன். மேல் காணிக்காரர் கீழே இறங்குகிறார், பாதை போடுகிறார், நான் சாவதற்கிடையில் எல்லையைத் தள்ளிவிடுவார் என்று முடிவுகட்டினேன். அவரிடம் கேட்கவில்லை. கண்டி டவுனில் ஒரு ஒப்பந்தக்காரரின் இலக்கத்தை இணையத்தில் தேடி எடுத்து, கரை முழுவதும் வழித்து, தண்ணீர் வரைக்கும் கொங்கிறீட் தூணும் கம்பி வலையும் போடச் சொன்னேன். இரகசியமாகச் செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். “மேல் காணிக்காரருக்குத் தெரிய வேண்டாம்” என்று சொன்ன என் குரலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

4

அந்த ஞாயிறு பின்னேரமே மயூரி மேசையில் ஒரு கடதாசி விரித்து ஓடையைக் கீறினாள். ஓடையின் இரண்டு பக்கமும் ஏழு பெட்டி.

“இது ஏழும் காணி. நாங்க நாலாவது, நடுவில. மேல மூண்டு பேரும் சைன் பண்ணீட்டாங்க, பாரூக் மாமாவும்தான். கீழ ரெண்டு காணி ஹனிபா ஹாஜியாருக்கு, ஒண்டு சுமனா டீச்சருக்கு.”

விசயம் இதுதான். காட்டிலிருந்து வயல் வரைக்கும் ஓடையின் இரண்டு கரையிலும் இருபது அடியை ஒவ்வொரு காணிக்காரரும் தாங்களாகவே விட்டுக்கொடுப்பது. காணி அவரவருடையதே. ஆனால் அந்த இருபது அடியில் வெட்டுவதில்லை, மருந்தடிப்பதில்லை, குறுக்கே வேலி போடுவதில்லை. இடிந்த இடத்தில் மூங்கிலும் மருதும் நடுவது. கரை நின்றால் மழைக்கு மண் இறங்காது, கீழே கடைத்தெருவுக்குள் வெள்ளம் ஏறுவதும் குறையும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். விலங்கு இறங்கி ஏற வழியும் கிடைக்கும். கிராம உத்தியோகத்தர் வரைபடம் கீறி முடித்துவிட்டார். கையெழுத்துகளோடு வெள்ளிக்கிழமை அது பிரதேச செயலகத்துக்குப் போகிறது, கிராமத்தின் திட்டத்தில் சேர்ப்பதற்கு.

சொந்தக்காரர் கண்ட அந்தப் பாதை, விலங்கைப் படமெடுக்கத் தானியங்கிக் கமரா பூட்டப்போன ஊராட்கள் நடந்த பாதை. பாரூக் நானா சொன்ன அந்தக் “கத” பூனை. சேற்றில் கால் தடத்தைத்தான் அவர் முதலில் கண்டிருக்கிறார். படம் கையில் இல்லாமல் என்னிடம் சொன்னால் நான் நம்பமாட்டேன் என்று காத்திருந்திருக்கிறார்.

“கீழ்க் காணிக்காரர் ஏன் சைன் வைக்கேல்லை?” என்று கேட்டேன்.

“வெளிநாட்டுக்காரன் வந்தா நாங்களும் வாறோம் எண்டு ஹாஜியார் சொல்லிட்டார். நடுவில நீங்க வேலி போட்டா, மேலயும் கீழயும் விட்டு என்ன பிரயோசனம்? பூனை பறந்தா போகும்?”

பூனை பறக்காது. பெக்கோ வந்தால் ஒரு மணி நேர வேலை. ஏழு காணித் திட்டமும் அந்த ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று மாலைக்குள் ஒப்பந்தக்காரருக்குப் பதினாலு தரம் அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு மேலும் ஒளிக்க முடியவில்லை. இருவருக்கும் சொல்லிவிட்டேன்.

மயூரி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “பாரூக் மாமாவுக்கு இப்பவே எடுங்க,” என்றாள்.

“நாளைக்கு எடுக்கிறன்.”

“அப்பா.”

“நாளைக்கு, பிள்ளை.”

வெட்கம். வேறொன்றுமில்லை. என்ன சொல்லி எடுப்பது? உங்களைக் கள்ளன் என்று நினைத்தேன், மன்னியுங்கள் என்றா?

5

வெட்கப்படுகிறவன் ஏதாவது அலுவலகத்துக்குப் போவான். நான் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இலங்கைத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். வெளிநாட்டில் இருப்பவரின் கையெழுத்துக்கு அத்தாட்சி வேண்டும், ஆகவே கடதாசியை முதலில் சரிக்கட்டுவோம், பேச்சைப் பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு சிங்களப் பெண். என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. “மகே இடம”, என் காணி, என்று தொடங்கினால், நடுவில் ஆங்கிலம் வந்து குந்திக்கொண்டது. அவர் பொறுமையாகப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். காணியை என்ன செய்வதற்கு அத்தாட்சி? விற்பதற்கு, குத்தகைக்கு, நன்கொடைக்கு, கட்டடம் கட்டுவதற்கு. எதற்குச் சரி போடுவது?

“ஒன்றுமே செய்யாமல் விடுவதற்கு,” என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். “ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு எதற்கு அத்தாட்சி?”

நியாயமான கேள்விதான். கைத்தொலைபேசியை எடுத்துப் பூனையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கடவுச்சீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஏழு காணி, இருபது அடி, வெள்ளிக்கிழமை என்று கை காலெல்லாம் ஆட்டி விளங்கப்படுத்தினேன். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுபடியும் காட்டுங்கள் என்றார். தான் தெல்தெனியக்காரி, நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தன் மாமனாருக்குக் கரையோரக் காணி இருக்கிறது, அங்கேயும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்! தெரிந்தவனைப் போல, “செய்யலாம், செய்யலாம், முதல் பக்கத்துக் காணிக்காரரோட கதையுங்கோ,” என்று தமிழிலேயே சொன்னேன்.

அவர் ‘வேறு’ என்ற கட்டத்தில் சரி போட்டு, முத்தான எழுத்தில், ‘ஓடைக் கரையை இயற்கையாக விடுதல்’ என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு வெளியே வந்தது இதற்குத்தான்.

ரயிலில் திரும்பி வரும்போது என் புத்தி என்னைக் குத்தியது. பக்கத்துக் காணிக்காரரோடு கதையுங்கோ என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிகிறது.

6

அப்படியும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வரைக்கும் தள்ளிவிட்டேன். இங்கே ஆறரை மணி, அங்கே ஒரு மணி. மயூரி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு எனக்கு எதிரில் வந்து இருந்தாள்.

“சலாம் தம்பி! எப்பிடி, படத்தப் பாத்தீங்களா?” பாரூக் நானாவின் குரல் கணீரென்று வந்தது.

“பாத்தன் நானா. நானா, நான் ஒரு விசயம் சொல்லோணும். குறுக்க கதைக்காமல் கேளுங்கோ.” மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். சந்தேகப்பட்டது, ஒப்பந்தக்காரர், பெக்கோ, கம்பி வலை, மேல் காணிக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னது, ஒன்றும் விடவில்லை. “நீங்கள் காணிய எடுக்கப் பாக்கிறீங்கள் எண்டு நினைச்சுப்போட்டன் நானா. என்ர பிழை. அந்த ஆள் போன் எடுக்கிறான் இல்லை. எப்பிடியாவது மறியுங்கோ.”

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்குத் தெரியும் தம்பி.”

“என்ன தெரியும்?”

“பெக்கோ சனிக்கிழமையே வந்துட்டு. எங்கட ஊட்டு முத்தத்துலதான் நிக்குது. ஒங்கட கொந்தராத்துக்காரர் ஆரு தெரீமா? எங்கட சின்ன மகள்ட மாப்புளக்கி நானா. கண்டி டவுன்ல போர்டு போட்டு ஈந்தாலும் ஊரு இதுதானே. காணி எதுன்னு பாத்ததும் நேரா எங்கட ஊட்டுக்கு வந்துட்டார். ஒங்களோட பேச வெக்கமாம், அதான் போன் எடுக்கல்ல. நாலு நாளா சோறு போட்டுட்டு ஈக்கிறேன்.”

கண்டி முழுவதும் தேடி, இரகசியமாக, அவருடைய சம்பந்தி வீட்டுப் பிள்ளையைத்தான் நான் பிடித்திருக்கிறேன். மயூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்ப ஏன் நானா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? ஏன் அவரைத் திருப்பி அனுப்பேல்லை?”

“எப்பிடி தம்பி அனுப்புற? காணி ஒங்கட. நான் மறிச்சா, நீங்க என்னப் பத்தி நெனச்சது உண்மையாப் போகும். அதான் ஞாயித்துக்கெழம படம் வந்ததும் மொதல்ல ஒங்கட மகளுக்கு அனுப்பினேன். நீங்க எடுப்பீங்கன்னு ஈந்தேன்.”

“நான் எடுக்காட்டி?”

“எடுத்துட்டீங்களே.”

பிழை செய்தவன் நான். அந்தப் பிழையை என் கையாலேயே எடுக்கவிட்டு, நான்கு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர் அவர். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். அதற்கிடையில் இன்னொரு குரல், வயது போன குரல், தொலைபேசிக்குள் வந்தது.

“தம்பி, நான் ஹனிபா. கீழ்க் காணி. நாங்க இங்கதான் ஈக்கிறோம், டீச்சரும்தான். பாரூக்கிட போன் எப்பவும் ஸ்பீக்கர்ல. கையில சாதிக்கா தோல், போனப் புடிக்க ஏலா.”

எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்! என் மானம் அலவத்துகொடையில் ஒரு முற்றம் முழுக்கக் கொட்டுண்டு கிடந்தது. ஹாஜியார் ஆறுதலாகச் சொன்னார்: “வெளிநாட்டுக்காரன் இன்னைக்கி ஒண்டு செல்லுவான், நாளைக்கி வேற செல்லுவான்னுதான் நான் சைன் வைக்காம ஈந்தேன். இவ்வளவையும் வாயால சென்ன ஆள் மாறமாட்டான். பேனையத் தாங்க, பாரூக்.”

பின்னால் ஒரு பெண் குரல், சிங்களம் கலந்த தமிழில், “எனக்கும் தாங்க,” என்றது.

“தம்பி,” என்றார் பாரூக் நானா, “இப்ப நீங்களே செல்லுங்க. பெக்கோக்காரர் இந்தா நிக்கிறார்.”

மயூரி எழுந்து வந்து என் தொலைபேசியையும் ஸ்பீக்கரில் போட்டாள். மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

“தம்பி,” என்றேன், முகம் தெரியாத அந்த ஒப்பந்தக்காரருக்கு. “நான்தான் காணிக்காரன் கதைக்கிறன். என்ர காணிக்குள்ள இறங்க வேண்டாம். மெஷினைத் திருப்பிக்கொண்டு போங்கோ.”

“சரி சேர்,” என்றது ஒரு கூச்சப்பட்ட குரல்.

என்ஜின் உறுமியது. எங்கள் சமையலறை அதிரும் அளவுக்கு உறுமிவிட்டு, நகரத் தொடங்கியது. யாரோ பின்னால் வா, பின்னால் வா என்று வழி சொன்னார்கள். சத்தம் தெருவில் ஏறி, வளைவில் குறைந்து, இல்லாமற் போனது. அதற்குப் பிறகுதான் அது கேட்டது. மெல்லிய, விடாத ஒரு சலசலப்பு. மூவரும் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தோம்.

“அது என்ன சத்தம் நானா?” என்று கேட்டேன்.

“ஒங்கட ஓட தம்பி,” என்றார்.